கேலிச்சித்திரத்தில் எங்கள் தோட்டத்து மீசை

கண்டியில் ஒரு பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறேன். வகுப்புக்குப் போகும்போது பாடப்புத்தகத்தை மறந்தாலும் மறப்பேன், பழைய கேலிச்சித்திரங்களை மறக்கமாட்டேன். அந்தக் காலத்து ஐரோப்பியப் பத்திரிகைகளில் வந்தவை. பிரதி எடுத்து மட்டையில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஒப்பந்தம், மாநாடு என்றால் தூங்கி விழுகிற வகுப்பு, நாடுகளைப் பங்கு போடும் கனவான்களின் தொப்பையைக் கண்டதும் நிமிர்ந்து உட்காரும். அவற்றில் ஒரு படத்தில் மட்டும் ஒருவருக்குப் பேனாவால் முறுக்கு மீசை வரைந்திருக்கும். "டீச்சர், இவரு எந்த நாட்டு ஆளு?" என்று வருடா வருடம் கேட்பார்கள்.

படம் இதுதான். நீள மேசையில் துணி விரித்த மாதிரி ஒரு தேசப்படம். சுற்றிவர கோட்டுக்காரர்கள். மொத்தமான ஒருவர் ஒரு காலைத் தேசப்படத்தின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு சமாதானம் பேசுகிறார். ஒல்லியான இன்னொருவர் மேசைக்கு மேலே கைகுலுக்குகிறார். மேசைக்குக் கீழே அவருடைய மற்றக் கை, கத்தரிக்கோலால் தேசப்படத்தின் ஓரத்தை வெட்டுகிறது. அந்தத் தேசத்துச் சனங்கள் யன்னலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்கிறார்கள். அவர்களை யாரும் சட்டை செய்யவில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டம் ஹேவாஹெட்டப் பக்கம். மேல் டிவிசன், கீழ் டிவிசன் என்று இரண்டு பிரிவு. கோயில் மேலே இருக்கிறது. திருவிழாவில் மாரியம்மன் சப்பரத்தை மேல் டிவிசன்காரர்கள் சின்னப் பாலம் வரைக்கும் தூக்கி வருவார்கள். பாலத்தில் தோள் மாறும். அங்கிருந்து கீழ் டிவிசன்காரர்களான நாங்கள் வாங்கி எங்கள் வீட்டு வரிசைகளான லயங்களுக்குக் கொண்டுபோவோம். ஒரு மழைக்கு மண் சரிந்து அந்தப் பாலமே போய்விட்டது. புதுப் பாலத்தைக் கொஞ்சம் கீழே தள்ளிக் கட்டினார்கள். வந்தது வினை. இரண்டு பாலத்துக்கும் நடுவில் இருப்பது கொழுந்து நிறுக்கிற கொட்டகையான மடுவம். அங்கேதான் தோட்டமே கூடித் தீபாராதனை பார்க்கும். அப்போது சப்பரம் யார் தோளில் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் முதல் மாலை. பழைய பாலம் இருந்தவரை அது எங்களுக்கு. "பாலத்துலதானே தோள் மாத்துறது? பாலம் எறங்கிருச்சு, மடுவம் இனி எங்களுக்கு" என்று மேல் டிவிசன் கிளம்பியது.

இரண்டு கமிட்டியும் கூடிக் கூடிப் பேசியதில் வடை தீர்ந்ததே தவிர வழக்குத் தீரவில்லை. கடைசியில், சப்பரம் கோயிலை மட்டும் சுற்றட்டும், கீழே இறங்கவே வேண்டாம் என்கிற அளவுக்குப் போய்விட்டது.

அதைக் கேட்டு அம்மா அழுதுவிட்டாள். முழங்கால் போனதிலிருந்து அவளால் கோயில் படி ஏற முடியாது. அம்மன் லய வாசலுக்கு வருகிற அந்த ஒரு நாள்தான் அவளுக்குத் தரிசனம். "ஆயுசு பூரா மலையேறிக் கொழுந்தெடுத்த காலு. நான் போக முடியலன்னுதான் ஆத்தா வருது. அதையும் மறிக்கிறானுங்களே, நல்லா இருப்பானுங்களா?"

எனக்கு மூக்குக்கு மேலே கோபம். மறுநாள் வகுப்புக்கு வைத்திருந்த படங்களோடு பையைத் தூக்கிக்கொண்டு நேரே மடுவத்துக்குப் போனேன். கூட்டம் நடந்துகொண்டிருந்தது. மேல் டிவிசன் தலைவர், எனக்கு மாமா முறை, முறுக்கு மீசையோடு ஒரு காலை வாங்குப் பலகையில் தூக்கி வைத்துக்கொண்டு ஒற்றுமையைப் பற்றி முழங்கினார். எங்கள் தலைவர், சித்தப்பா முறை, "அண்ணன் சொன்னா சரிதான்" என்று சிரித்தார். முதல் நாள்தான் மனுசன் சத்தமில்லாமல் ஆள் விட்டு மடுவத்து வாசலில் பந்தக்கால் நட்டிருந்தார். பெண்கள் எல்லாரும் அரைச் சுவருக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார்கள். நான் எங்கேயோ பார்த்த காட்சி! படத்தை உருவி மேசையில் போட்டேன்.

"இதப் பாத்துட்டுப் பேசுங்க."

"அடேங்கப்பா, வெள்ளக்காரன் பங்கு போடுற அழகப் பாரு!" மாமாதான் எல்லாரையும் விடப் பலமாகச் சிரித்தார். அரைச் சுவருக்கு மேலால் எட்டிய கொழுந்தெடுக்கிற அக்கா ஒருத்தி சொன்னாள்:

"அடியாத்தி! இது நம்ம தலைவருல்ல? மீச ஒன்னுதான் கொறையுது!"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். மாமாவின் முகம் கறுத்தது. வாங்கிலிருந்து கால் மெதுவாக இறங்கியது. தொலைந்தோம் என்று நினைத்தேன். மாமா என் பேனாவை வாங்கினார். குனிந்து, இரண்டு பக்கமும் பதமாக முறுக்கி, அந்தக் கோட்டுக்காரருக்கு மீசை வரைந்தார்.

"இப்ப சரியா இருக்காம்மா? கத்தரிக்கோலு வச்சிருக்கிறது யாருன்னு நான் சொல்லணுமா, தம்பி?"

சித்தப்பா தலையைச் சொறிந்தார். பிறகு அவரும் விழுந்து விழுந்து சிரித்தார். எத்தனையோ மாநாடு, எத்தனையோ ஒப்பந்தம் படித்தவள் நான். கேலிப் படத்தில் தன்னைக் கண்டுகொண்டு, விட்டுப்போன மீசையையும் தானே போட்டுக் கொடுத்த தலைவர் எனக்குத் தெரிந்து எங்கள் தோட்டத்தில்தான் இருக்கிறார். அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

"ரெண்டு பாலத்துக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் சேந்து தூக்குங்களேன். ஆத்தா என்ன தோளு எண்ணவா போறா?" என்றாள் அதே அக்கா. முதல் மாலையை நேரே அம்மனுக்கே சாத்துவது என்றும் முடிவானது. அதற்குப் பிறகு கமிட்டியில் அக்காவுக்கும் ஒரு கதிரை.

திருவிழாவன்று அம்மா வாசலில் தேங்காயோடு காத்திருந்தாள். தப்புச் சத்தம் நெருங்கி வந்தது. சப்பரம் லயத்துக்குள் திரும்பியபோது பார்த்தால், முன் கம்பில் சித்தப்பாவுக்குப் பக்கத்தில் மாமா. முடிவின்படி புதுப் பாலத்திலேயே அவர் தோளை எடுத்திருக்க வேண்டும். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள், வாயை மட்டும் அடக்கவில்லை.

"என்னண்ணே, எல்ல தாண்டி வந்துட்டீக?"

"ஒன்னயப் பாக்க ஆத்தாவே எறங்கி வருது, தங்கச்சி. நான் பாலத்துல நின்னு எல்லயவா காக்குறது? தேங்காய ஒட."