இடது குதிகால்

பந்து எதிராளியின் காலில் இருக்கும்போதே ஒலி முகம்மதுவின் இடது குதிகால் ஒரு சாண் பின்னால் நகர்ந்துவிடும். அங்கே ஊன்றி, மண்ணை உதைத்து, முன்னால் பாய்வார். தென்காசி மைதானத்தில் அந்தப் பாய்ச்சலுக்குத் தப்பிய பந்து குறைவு. கடைத்தெருவில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் அப்படித்தான். கால் பின்னால் போன பிறகே ஆள் திரும்புவார். "பஸ்ஸு ரிவர்ஸ் எடுக்குது, வெலகுங்கலே" என்று டீக்கடையில் கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

பகல் முழுக்கத் தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, மிதித்து நெய்வதுதான் தொழில். குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் குழியில் ஈரம் ஊறி முழங்கால் பிடித்துக்கொள்ளும். மனைவி ஷரீபுன்னிசா உப்பை வறுத்து ஒத்தடம் கொடுப்பாள். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பஞ்சாலை, பந்து ஆடுகிறவர்களை வேலைக்கு எடுக்கிறது என்று ஐம்பத்தெட்டாம் வருஷம் ஒரு பேச்சு வந்தது. அன்றுமுதல், "கால் நல்லா இருக்கும்போதே குழிய விட்டு ஏறிரணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் சிவகிரியில் நடந்த போட்டியில் அவர் குழு தோற்றது. அக்காள் கணவர் மசூதுதான் குழுவின் தலைவர். தோல்விக்குக் காரணம் அந்தக் குதிகால் என்று முடிவு கட்டிவிட்டார்.

"வலதுகாலை முன்னால வச்சு மைதானத்துல எறங்குதோம். நீ இடதுகாலைப் பின்னால வச்சா வெளங்குமா மாப்ளே? ஆலைக்காரன் பார்த்தா சிரிப்பான்."

மறுநாளிலிருந்து மசூது அவருடைய குதிகாலுக்குப் பின்னால் ஒட்டி ஒரு செங்கல்லை வைத்துப் பழக்கினார். இடித்து இடித்துத் தோல் உரிந்தது. கடைசியில் கால் அடங்கியது. செங்கல்லை எடுத்த பிறகும் அடங்கியேதான் இருந்தது.

ஆலைத் தேர்வில் குச்சிகளை நட்டிருந்தார்கள். விசில் ஊதியதும் அவற்றை வளைந்து வளைந்து சுற்றி வரவேண்டும். ஒலி முகம்மது இரண்டு கால்களையும் சமமாக வைத்து நின்றார். விசில் கேட்டது, உடம்பு முன்னால் சாய்ந்தது, கால் வரவில்லை. அவர் கிளம்புமுன் மற்றவர்கள் முதல் குச்சியைச் சுற்றிவிட்டார்கள். அவர்களுக்கெல்லாம் முன்னால் போனவன், அவர் குழுவிலேயே ஆடி வந்த இளவட்டம் அகமது கபீர். வெறுங்காலோடு நின்றவன், இடது காலைப் பின்னால் ஊன்றித்தான் பாய்ந்திருந்தான். வேலை அவனுக்குக் கிடைத்தது.

"அவன் பின்னால வச்சுட்டுத்தானே மச்சான் போனான்?"

கூட வந்திருந்த மசூது கைலியை அவிழ்த்து மறுபடியும் கட்டினார்.

திரும்பும் பஸ்ஸில் கபீர் தலையைத் தூக்கவே இல்லை. உங்களைப் பார்த்துத்தான் அப்படிப் பழகினேன் என்று மெல்லச் சொன்னான்.

"யார் சொன்னாலும் அதை விட்டுராதலே" என்றார் ஒலி முகம்மது.

பிறகு குனிந்து தன் பூட்ஸைக் கழற்றினார். கபீரின் பாதத்தை மடியில் தூக்கி வைத்து, அதன்மேல் பூட்ஸைப் பொருத்தி அளவு பார்த்தார்.