வயிற்றுக்குள் ஏழு

எண்பதுகளின் கடைசியில் அவர் ராஜபாளையம் கால்நடை ஆஸ்பத்திரியில் உதவியாளராக இருந்தார். ஒல்லியான உடம்பு, அதிகம் இமைக்காத கண்கள். எந்தப் பிராணியைத் தொடும்போதும் தன் மூச்சை அடக்கிக்கொள்வார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் தேரோட்டத்தில், இரண்டுமே பெட்டை என்று சொல்லித்தான் என் மகளுக்கு முயல்களை விற்றார்கள். சில மாதம் கழித்து ஒன்று மற்றதைச் சீறி விரட்டத் தொடங்கியது. சந்தேகம் வந்து, சீறியதைக் கூடையில் வைத்து அவரிடம் கொண்டுபோனேன்.

இரண்டு விரல்களால் அதன் வயிற்றை மெல்லத் தடவினார். நெடுநேரம் மூச்சே விடவில்லை.

"சினைதாம்மா. திராட்சை மாதிரி ஏழு உருளுது. மத்தது ஆணு, இன்னைக்கே பிரிச்சிருங்க. இல்லன்னா குட்டி போட்ட அன்னைக்கே மறுபடி சினையாயிரும். எதுவும் இதை மிரட்டாம பாத்துக்கோங்க."

ஆணைப் பிரித்தேன். கூண்டில் வைக்கோல் போட்டேன். இரண்டரை வாரத்தில் முயல் தன் மார்பு முடியைப் பிடுங்கிக் குவித்தது. மறுநாள் காலையில் அந்தக் குவியல் மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கியது. விலக்கிப் பார்த்தேன். நான்கே குட்டிகள்.

"ஏழுன்னீங்களே அண்ணாச்சி, நாலுதான் இருக்கு" என்று அவரிடம் போய்ச் சொன்னேன்.

"மூணை வயித்துக்குள்ளயே கரைச்சிருக்கும். மிரண்டா அப்படியும் செய்யும்" என்றவர், நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "யாரு வீட்டு நாயி வந்துச்சு?"

ஆணைப் பிரித்த சில நாளில், ஒரு மதியம் நான் வாசல் கதவைத் திறந்துபோட்டுத் தூங்கிவிட்டிருந்தேன். விழித்தபோது பக்கத்து வீட்டு வேட்டைநாய் கூண்டைச் சுற்றிக்கொண்டிருந்தது. அதை நான் வீட்டில்கூடச் சொல்லவில்லை. குட்டிகளை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று பேச்சை மாற்றினேன். அவர் மறுபடி கேட்கவில்லை.

நான்கு குட்டிகளும் நன்றாக வளர்ந்தன. நாய் வந்தது அவருக்கு எப்படித் தெரிந்தது என்பது மட்டும் இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.