இருந்து பார்த்து எடுத்த துணி

ஹோட்டல் விருந்துகளுக்குக் கதிரை உறை தைப்பதுதான் எங்கள் தொழில். வெள்ளவத்தை வீட்டின் முன்னறையில் இரண்டு மெஷின். தைப்பது நான். துணி தெரிந்தெடுப்பது என் மனைவி. இருபது வருடமாக அப்படித்தான் நடந்தது.

அவள் துணி தெரிந்தெடுக்கும் விதம் வேறு யாரிடமும் நான் கண்டதில்லை. புறக்கோட்டைக்குத் துணி எடுக்கப் போகும் நாளில், அந்த வெயிலிலும் மாம்பழ நிறப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டுதான் வருவாள். கடைக்கார நானா கேட்பார், "அக்கா, இன்டைக்கு எங்க கலியாணம்?" "உங்கட கதிரையிலதான் நானா" என்பாள். துணியை ஒரு கதிரையில் விரித்து, அதில் ஏறி இருந்து, இரண்டு காலையும் நிலத்திலிருந்து தூக்கி, மனதுக்குள் ஐந்தெழுத்தை மூன்று தரம் சொல்லுவாள். அதுவரைக்கும் வழுக்காமல் இருந்தால் அந்தத் துணி சரி. கலியாண வீட்டில் எல்லாரும் பட்டுத்தானே கட்டி வருவார்கள்.

அவள் செத்த எட்டாம் நாள் ஹோட்டலிலிருந்து ஓடர் வந்தது. சாவுத் துடக்கோடு கடைக்குப் போக எனக்கு மனமில்லை. நானாவுக்கு ஃபோன் எடுத்து, வீட்டில் கொஞ்சம் அலுவல் என்று மட்டும் சொன்னேன். அவர் அனுப்பிய படங்களைப் பார்த்து, நன்றாக மினுங்கிய சாட்டின் துணி ஒன்றை எடுக்கச் சொன்னேன். அதில் தைத்த உறையில் கலியாணத்தன்று இருந்த வயதான அம்மா ஒருவர் படம் எடுக்கும் நேரம் வழுக்கி நிலத்தில் இருந்துவிட்டார். கடவுள் புண்ணியம், அடி ஒன்றும் இல்லை. மண்டபத்துக்குப் பொறுப்பான மிஸ் சிங்களத்தில் கேட்டார், "அங்கள், நான் கேட்டது கதிரைக் கவரா, பிள்ளைகள் சறுக்குற பலகையா?" பிறகு, இன்னும் ஒரு தரம் பார்ப்போம், அதுவும் பிழைத்தால் வேறு ஆளிடம் கொடுப்போம் என்றார். எங்களுக்கு இருந்தது அந்த ஒரு ஹோட்டல்தான். துடக்கோடு மங்கல காரியத்துக்குத் துணி தெரிந்தெடுத்த குற்றம் என்றுதான் நான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

முப்பத்தொன்றாம் நாள் கிரியை முடிந்தது. அடுத்த நாள் காலையில் குளித்து, திருநீறு பூசி, சாமிப் படத்துக்கு முன் நின்று தேவாரம் பாடினேன். பாடி முடித்த பிறகு எதைப் பாடினேன் என்று தெரியவில்லை. அந்த நாட்களில் எல்லாமே அப்படித்தான். தேத்தண்ணி சுட்டதா ஆறினதா என்றுகூடத் தெரியாது. கூறைச் சேலை அவளோடு போய்விட்டது. மாம்பழ நிறப் பட்டை ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

நானா பைக்குள் எட்டிப் பார்த்தார். "என்ன அண்ணன், சேலை மட்டும் தனியா பஸ்ல வந்திருக்கு? அக்கா கோவமா?"

"அவ வரேல்லை."

"அப்ப நீங்களே கட்டி இருந்து பாருங்களேன்!"

"ஓம். அதுக்குத்தான் கொண்டு வந்தனான்."

கடையே சிரித்தது. சிரித்து முடியட்டும் என்று நின்றேன். பிறகு சொன்னேன், "அவ மோசம் போயிட்டா, நானா. நேற்றோட முப்பத்தொண்டு."

"இன்னாலில்லாஹி" என்றார். கையிலிருந்த அளவுகோலை மேசையில் வைத்தார். "அப்ப போன்ல கதைச்ச நேரம்?"

"எட்டாம் நாள்."

"ஒரு சொல்லு சொல்லியிருந்தா அந்தச் சாட்டினை நான் தந்திருக்க மாட்டேனே. அக்கா சொல்லித்தான் எடுக்கிறீங்கண்டு நினைச்சேன்."

நான் காற்சட்டைக்கு மேலே சேலையைச் சுற்றத் தொடங்கினேன். எப்படிச் சுற்றினாலும் அவிழ்ந்தது. கடையில் நிற்கும் மலையகத்து அம்மா வந்தார். "இப்பிடிச் சுத்துனா தடுக்கி விழுந்துருவீங்க ஐயா, குடுங்க." கொசுவம் வைத்துச் செருகினார். "அக்காவோட பின்னு இதுலயே இருக்கு" என்று அதையே எடுத்துக் குத்திவிட்டார். வந்த ஆட்கள் பார்த்தார்கள். வெட்கம் வரும் என்று நினைத்தேன், அதுவும் வரவில்லை.

முதல் துணியில் கால் தூக்கியதும் வழுக்கினேன். அடுத்தது வழுக்கவில்லை, ஆனால் எழும்பும்போது பட்டு நூலைப் பிடித்து இழுத்தது. மூன்றாவது மினுக்கமே இல்லாத தடித்த துணி, பால் வெள்ளை. படத்தில் பார்த்திருந்தால் நான் எடுத்திருக்கவே மாட்டேன். இருந்தேன். காலைத் தூக்கினேன். ஐந்தெழுத்தைச் சொல்லத் தொடங்கினேன்.

"அண்ணன்" என்று நானா மெதுவாகக் கூப்பிட்டார். "காணும் அண்ணன். வழுக்கல்ல. எவ்வளவு நேரமா இருக்கீங்க."

எத்தனை தரம் சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை. அப்போதுதான் கால் இரண்டையும் நிலத்தில் வைத்தேன்.

அன்றைக்கே ஒரு உறை தைத்து, மறுநாள் ஹோட்டலுக்குக் கொண்டுபோனேன். மிஸ் தானே இருந்து பார்த்தார். முன்னுக்குச் சரிந்தார், பின்னுக்குச் சாய்ந்தார். "இது ஆன்ட்டி எடுத்த துணி. பார்த்தாலே தெரியுது" என்றார். அவள் இல்லை என்று அவரிடமும் நான் சொல்லியிருக்கவில்லை. "இல்லை மிஸ், நான்தான் எடுத்தேன்" என்றேன். நம்பாமல் சிரித்துவிட்டு, முன்னூறு தைக்கச் சொன்னார். அடுத்த மாதத்துக்கு இளநீலத்திலும் துணி பார்த்து வைக்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சேலையை மடித்தேன். பின்னை அதிலேயே விட்டேன். அலுமாரியில் வைக்கப் போய், வைக்காமல், மெஷினுக்குப் பக்கத்தில் அளவு நாடாவும் கத்தரிக்கோலும் கிடக்கிற தட்டில் வைத்தேன்.