சொல்லாத பெயரும் ஒரே ஒரு கருவும்

இங்கே கணவன் பெயரைக் கேட்டால் மனைவி பட்டென்று சொல்லிவிடுகிறாள். அயர்லாந்துக்கு வந்து இரண்டு வருடம் ஆகியும் எனக்கு இது பழகவில்லை. கார்க் நகரத்தில் ஒரு கருத்தரிப்பு மருத்துவமனையில் எம்பிரியாலஜிஸ்ட் வேலை. முட்டையையும் விந்தணுவையும் சேர்த்து, உண்டாகும் கருவை இன்குபேட்டர் என்கிற பெட்டிக்குள் சில நாள் வளர்த்து, தாயின் கருப்பையில் வைக்க டாக்டர் கையில் எடுத்துக் கொடுப்பவள் நான். கொடுப்பதற்கு முன், மேசைமேல் படுத்திருப்பவளிடம் அவள் பெயரையும் கணவன் பெயரையும் கேட்டாக வேண்டும். போன வாரம் ஒருத்தி பெயரைச் சொன்னதோடு நிற்காமல், "குறட்டை விடுவான், அதையும் எழுதிக்கொள்" என்றாள். பக்கத்தில் நின்ற கணவனே விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே மனசு திருப்பதிக்குப் போய்விட்டது.

நான் ஆந்திர எல்லையில் இருக்கிற நகரிக்காரி. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு என்று வளர்ந்தவள்; கரும்பும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். திருப்பதியில் பயோடெக்னாலஜி படித்தேன். அந்தப் படிப்புக்கு எங்கள் பக்கம் வேலை கிடையாது என்பது படித்து முடித்த பிறகுதான் உறைத்தது. ஏர்பேட்டுக்குப் பக்கத்தில் திசு வளர்ப்பு முறையில் வாழைக்கன்று உண்டாக்கும் கூடத்தில் சேர்ந்தேன். குருத்தை நறுக்கி பாட்டிலில் வளர்க்க வேண்டும். ஒரு பாட்டிலில் பூஞ்சை வந்தாலும் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. அந்தக் கைச்சுத்தத்தைப் பார்த்துத்தான் சித்தூரில் ஒரு கருத்தரிப்பு மையத்தில் எடுத்துக்கொண்டார்கள். அங்கேயே தொழில் கற்று, பிறகு திருப்பதியில் பெரிய மருத்துவமனைக்கு மாறினேன். அப்பாவை நாங்கள் நைனா என்போம். அவருக்குத்தான் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"நேத்து வரைக்கும் வாழக்கன்னு பண்ணிக்கினு இருந்த, இப்ப கொழந்த பண்றியா? மாப்ள ஊட்ல கேட்டா நான் இன்னான்னு சொல்றது?"

"டாக்டருக்கு ஒத்தாசன்னு சொல்லு நைனா."

என் கல்யாணம் முடிகிற வரைக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

லட்சுமி என்பவளை நான் பார்த்தது அந்தத் திருப்பதி மருத்துவமனையில். நாகலாபுரம் பக்கத்துக் கிராமம். கூலிக்குப் போய்க்கொண்டிருந்து, இப்போதுதான் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் பார்க்கிற குடும்பம். ஏற்கெனவே இரண்டு முறை வைத்த கரு நிற்கவில்லை. மிச்சம் ஒரே ஒரு கரு. இதுவும் போனால் இனி ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதில்லை என்று புருசனும் பெண்டாட்டியும் பேசி வைத்திருந்தார்கள். அன்று காலை மேசைமேல் படுத்திருந்தவளிடம், "அக்கா, ஊட்டுக்காரர் பேரு சொல்லுங்க" என்றேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"மலமேல கீற சாமி பேருதான்மா."

அன்றைய பட்டியலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அன்றைக்கு எங்களிடம் இரண்டு லட்சுமிகள். ஒருத்தியின் கணவன் வெங்கடேசன், இன்னொருத்தியின் கணவன் சீனிவாசன். இரண்டுமே மலைமேல் இருக்கிற சாமிதான். திருப்பதியில் அந்தச் சாமி பெயர் இல்லாத வீடு எங்கே இருக்கிறது? கையில் பெயர்ப்பட்டை கட்டியிருந்தது உண்மை. ஆனால் பட்டை மாறிப்போகலாம் என்பதால்தான் வாயால் சொல்ல வேண்டும் என்ற விதியே. தெலுங்கு நர்ஸ், "பேரு செப்பம்மா, டாக்டர்காரு வெயிட் சேஸ்துன்னாரு" என்று அவசரப்படுத்தினாள். லட்சுமி அழ ஆரம்பித்தாள்.

"பேரு சொன்னா அவுருக்கு ஆயுசு கொறையும்மா. புள்ளைய வாங்கிக்கினு புருசன குடுத்துட்டுப் போவவா?"

அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அம்மாவும் நைனா பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. பட்டை சரியாகத்தானே இருக்கிறது, எடுத்து வா என்றார் டாக்டர். முடியாது என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் ஊரார் கருவை இவள் வயிற்றில் வைத்துவிட்டால் யார் எடுப்பது? நான் பெட்டியைத் திறக்கவே இல்லை. கணவனை உள்ளே கூப்பிடலாம் என்றேன். ஆண்களை அந்த அறைக்குள் விடுகிற வழக்கம் அங்கே இல்லை. இருந்தும் டாக்டர் சரி என்றார். பச்சை அங்கியும் தொப்பியுமாக, என்னமோ ஏதோவென்று பதறிக்கொண்டு வந்தவர், விஷயத்தைக் கேட்டதும் தன் பெயர், அப்பா பெயர், ஊர் எல்லாம் கடகடவென்று ஒப்பித்தார். வெங்கடேசன். நான் லட்சுமியைக் கேட்டேன்: "இவருதான் உங்க ஊட்டுக்காரரா?"

"இவுரேதான்" என்றாள். அப்போதும் அவரைப் பார்க்கவில்லை, ஆனால் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் பெட்டியைத் திறந்தேன். கரு நின்றது.

இந்தக் கதையை அயர்லாந்து வேலைக்கான நேர்காணலில் பெருமையாகச் சொன்னேன். கேட்டவர்கள் முகம் இருண்டுபோனது. "அந்தப் பெண் கணவனைக் கண்டு பயந்தாளா? போலீசுக்குத் தகவல் கொடுத்தீர்களா?" என்று ஓர் அம்மாள் கேட்டார். பயம் அவனைப் பார்த்து அல்ல, அவனுக்காக என்று விளக்குவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. பாதி புரிந்திருக்கும். எப்படியோ வேலை கொடுத்துவிட்டார்கள்.

நேற்று மதியம் சாப்பாட்டு அறையில் இருந்தபோது, பிள்ளை பிறந்ததிலிருந்து பேச்சை விடாத லட்சுமி வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே சாயங்காலம். பின்னாலிருந்து ஒரு பெண்குழந்தை "ஏய் வெங்கடேசா!" என்று கத்துகிற சத்தம்.

"பாரும்மா இவள, அப்பன பேரு சொல்லிக் கூப்புடுறா. அவுரும் ஆங்ன்னு கேட்டுக்கினு வராரு!"

"ஆயுசு கொறையாதா அக்கா?"

"இவ வாயால கூப்ட்டா ஏறும்மா."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த, கூட வேலை செய்யும் ஷெவான், உன் அக்கா மகளா என்று கேட்டாள். இல்லை என்றேன். தெரிந்தவர்களா என்றாள். உடம்பு என்று ஒன்று உருவாகும் முன்பே அந்தக் குழந்தையைப் பார்த்தவள் நான். அதற்கு என்ன உறவுமுறை சொல்வது? ஆங்கிலத்தில் சொல் இல்லை, தமிழிலும் இல்லை. அதற்குள் குழந்தை போனைப் பிடுங்கித் திரை முழுக்க முகமாக நின்றாள்.

"நீ எந்த ஊரு?"

கார்க் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். வாயில் வந்தது நகரி.

"நகரியா? கிட்டதான கீது" என்றாள். "பஸ் ஏறி வா."