சம்மதம் கேட்டு வந்த முதலாளி

பனியன் கம்பெனியில் தன் இடுப்பைத் தொட்ட சூப்பர்வைசரைச் செருப்பால் அடித்தாள் டெய்லர் வேல்விழி. முதலாளி தரணீதரன் அவளை வேலையை விட்டு நிறுத்தி, அவள் பெயரில் ‘தகராறுக்காரி’ என்று கணினியில் ஏற்றினார். தொட்டவன் பெயரில் ஒரு எழுத்தும் ஏறவில்லை. கம்பெனிகள் விவரங்களைப் பகிர்ந்துகொள்வதால், பல்லடம் வரை எந்தக் கம்பெனியில் கைரேகை வைத்தாலும் அந்தப் பட்டமே திரையில் வந்தது; அவளுக்கு வேலை கிடைக்கவில்லை.

இந்த ஆண்டு, ஆர்டர் தரும் வெளிநாட்டுக் கம்பெனி நிபந்தனை போட்டது: தொழிலாளியின் விவரம் இனி அவரவர் செல்போனில்தான் இருக்கும், கம்பெனி தங்களை ஒழுங்காக நடத்தியது என்று விலகிய தொழிலாளிகளும் அதில் ‘சம்மதம்’ தராவிட்டால் ஆர்டர் இல்லை. தரணீதரன் வேல்விழியின் வாசலுக்கு வந்தார்.

“பழச மறந்துருங்க கண்ணு. ‘சம்மதம்’னு ஒரு அமுக்கு அமுக்குங்க.”

“தகராறுக்காரி வெரலாச்சே மொதலாளி, சொன்ன பேச்சு கேக்காது.”

அவர் கண்ணெதிரே செல்போனில் ‘மறுப்பு’ அழுத்தினாள். காரணம் கேட்ட இடத்தில் சூப்பர்வைசர், முதலாளி இருவர் பெயரையும் எழுதி வெளிநாட்டுக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தினாள்.