முப்பத்தெட்டு இடத்தில் நான் திருத்திய கிட்டார்

1. அந்தக் கேள்வி

லோகா ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். சுருண்டு கிடந்த ஒயரை நீட்டி ஒழுங்காக மடித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நல்லா இருக்குண்ணே. யாரு வாசிச்சது?"

கிண்டல் செய்கிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. வாசித்தது அவர்தான். முந்தின ஞாயிற்றுக்கிழமை அதே அறையில், அதே நாற்காலியில் உட்கார்ந்து ஏழு நிமிடம் வாசித்தார். பாட்டு கிடையாது, தாளக்கட்டு கிடையாது, கிட்டார் மட்டும்தான். பதிவு செய்தவன் நான். அதன் பிறகு ஒரு வாரம் உட்கார்ந்து அதைச் சரிசெய்து வைத்தவனும் நான்தான்.

லோகா கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூடினார். எடுத்துக்கொண்டு போகவில்லை. சுவரோரமாகச் சாய்த்துவிட்டு, "இங்கயே இருக்கட்டும்ணே, வீட்ல எடமில்ல" என்றார். படியிறங்கிப் போய்விட்டார். ஒரு கிட்டார் வைக்க இடமில்லாத வீடு உலகத்தில் எங்கே இருக்கிறது? அவர் என்ன சொல்லிவிட்டுப் போகிறார் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. இனிமேல் வாசிக்கப் போவதில்லை.

ரெக்கார்டிங் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் எனக்கு மெசேஜ் போட்டு, எந்த மைக் வாங்கலாம், எந்த சாப்ட்வேர் நல்லது என்று கேட்கிறார்கள். அதையெல்லாம் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். என்னிடம் சொல்வதற்கு இருப்பது இந்த ஒரு கதைதான்.

2. பவுடர் போடுகிற தொழில்

என் ஸ்டூடியோ பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. நான் இசை படித்தவன் இல்லை. டிவி ரிப்பேர் செய்துகொண்டிருந்தேன். கெட்டுப்போன ஸ்பீக்கரைக் காது வைத்துக் கேட்டுக் கேட்டு இந்த வேலைக்குள் வந்து விழுந்தவன். என்னிடம் வந்தவர்கள் எல்லாம் பக்திப் பாட்டுக்காரர்கள், கல்யாணப் பாட்டுக்காரர்கள், ரேடியோ விளம்பரக்காரர்கள், உருமி மேளக் குழுக்கள். வந்தவர்கள் சொன்ன வார்த்தைகளைத்தான் நான் சேர்த்து வைத்திருக்கிறேன். ஓர் உருமிக்காரர், "அடி காதுல விழக்கூடாதுண்ணே, நெஞ்சுல விழணும்" என்பார். ஒரு பக்திப் பாடகி தன் பாட்டை முடித்துக் கேட்டுவிட்டு, "மணியம், என் குரலுக்கு நீ பவுடர் போட்டு விட்டிருக்க" என்றார். அந்த வார்த்தையை நான் பல வருஷம் பட்டம் மாதிரி சுமந்துகொண்டு திரிந்தேன்.

அந்தப் பவுடருக்குப் பின்னால் ஒரு பழக்கம் இருந்தது. திருத்தாத முதல் பதிவை நாங்கள் ரா டேக் என்போம். அதில் மூச்சு வாங்குவது, சுருதி இறங்குவது, வார்த்தை தடுமாறுவது எல்லாம் அப்படியே இருக்கும். வேறோர் இடத்தில் பாடிய ஒரு அம்மாவின் ரா டேக் எப்படியோ வெளியே போய், ஊரெல்லாம் அதைப் போட்டுச் சிரித்தார்கள். அந்த அம்மா கோவிலில் பாடுவதையே நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு என் கடையில் ஒரு சடங்கு வைத்தேன். வேலை முடிந்ததும் பாடியவரைக் கூப்பிட்டு, என் நாற்காலியில் உட்கார வைத்து, ரா டேக்கை அவர் கையாலேயே அழிக்கச் சொல்வேன். அழித்துவிட்டு நிம்மதியாக எழுந்து போவார்கள். யாருடைய பிசிறும் என் மாடியிலிருந்து கீழே இறங்கியதில்லை. அதில் எனக்கு ரொம்பப் பெருமை.

3. லோகாவின் விரல்

லோகா கிள்ளானில் இருக்கிறார். துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் லோரி ஓட்டுகிறார். இளவயதில் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் வாங்கிய ஒரு கேசட்டில் புளூஸ் என்கிற மேற்கத்திய இசையைக் கேட்டாராம். யார் வாசித்தது என்று அட்டையில்கூட இல்லையாம். அதைக் கேட்டுக் கேட்டே கிட்டார் கற்றுக்கொண்டவர். புளூஸ் என்றால் சோகப் பாட்டுதானே என்று நான் ஒருமுறை கேட்டேன். "அழுது முடிச்சிட்டு எழுந்து போய் மூஞ்சி கழுவுவோம்ல, அந்த நேரத்து சத்தம்ணே" என்றார்.

கம்பெனி கிடையாது, மேனேஜர் கிடையாது. தானே வாசித்துத் தானே இணையத்தில் போடுவார். பாட்டு இல்லாமல் யார் கேட்பார்கள், ஒரு பாடகரைப் போடுங்கள் என்று சொல்லாத கூட்டாளி இல்லை. அவர் மசியவில்லை. வார்த்தை போட்டால் தனக்கே தான் பொய் சொல்கிற மாதிரி இருக்கிறது என்பார்.

ஒரு நாள் கண்டெய்னர் கதவு அவருடைய இடது கை மோதிர விரலை நசுக்கிவிட்டது. விரல் போகவில்லை, ஆனால் பாதி விறைத்துப்போனது. கிட்டார் கம்பியை அந்த விரலால் அழுத்தி மேலே தள்ளினால்தான் ஸ்வரம் ஏறும். அதைப் பென்ட் என்போம். புளூஸுக்கு அதுதான் உயிர். மூன்று வருஷம் கிட்டார் அலமாரி மேலேயே கிடந்தது. வாரா வாரம் அதைத் துடைத்து வைத்தவர் அவர் மனைவி பத்மா. கடைசியில் அவரை என் ஸ்டூடியோவுக்குக் கூட்டி வந்தவரும் பத்மாதான். லோகா மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து கம்பியைச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தபோது, பத்மா என்னிடம் மெல்லச் சொன்னார்: "பேசாம இருந்தாகூட சமாளிச்சிடலாம்ணே. வாசிக்காம இருந்தாரு பாருங்க, அதத்தான் என்னால தாங்க முடியல."

அன்றைக்கு அவர் வாசித்ததில் பென்ட் ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை. ஸ்வரத்துக்கு ஒரு மயிரிழை கீழேயே நின்று நடுங்கியது. பாவம், விரல் ஏறவில்லை என்று நினைத்தேன். அந்த வாரம் முழுக்க கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். சுருதியைத் திருத்தும் பிட்ச் கரெக்ஷன் சாப்ட்வேரில் முப்பத்தெட்டு இடத்தைப் பிடித்து, ஒவ்வொன்றையும் சரியான ஸ்வரத்துக்கு ஏற்றி வைத்தேன். கம்பியில் விரல் உரசும் சத்தத்தை எடுத்தேன். அவர் தயங்கிய இடங்களைச் சுருக்கினேன். யாரும் என்னிடம் கேட்கவில்லை. அவருக்கு நான் தரும் பரிசு என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை அவர் வருவதற்கு முன்பே ரா டேக்கை நானே அழித்துவிட்டேன். எப்போதும் பாடியவர் கையால்தான் அழிக்கச் சொல்வேன். லோகா தன் தடுமாற்றத்தைத் திரும்ப ஒருமுறை கேட்க வேண்டாம் என்று, அன்றைக்கு மட்டும் அந்தச் சடங்கையும் மீறினேன். பிறகு அவர் வந்தார், கேட்டார், யாரு வாசிச்சது என்று கேட்டுவிட்டுப் போனார்.

4. சரசா அக்காவின் கை

இரண்டு நாள் கழித்துப் பத்மா போன் செய்தார். அவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. வீட்டில் பழையபடி சத்தமே இல்லை என்றார். ரா டேக்கைக் கொடுங்கள், அதையாவது நான் வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டார். அழித்துவிட்டேன் என்று சொன்னேன். அப்புறம், பதிவு அன்றைக்குத் தன் தங்கைக்கு அனுப்புவதற்காகப் போனில் வீடியோ எடுத்ததாகவும், அதை அனுப்புவதாகவும் சொன்னார்.

வந்தது. ஏர்கோன் இரைச்சல், பத்மாவின் வளையல் சத்தம், நடுவில் யாரோ தும்முவது, எல்லாம் இருந்தது. தும்மியது நான்தான். அதற்கு அடியில் அந்தக் கிட்டார். மூன்று முறை கேட்டேன். என் காதை என்னாலேயே நம்ப முடியவில்லை, ஒரு வாரமாகத் திருத்தித் திருத்தி அது மரத்துப்போயிருந்தது. வேறொரு காது வேண்டும் என்று தோன்றியது.

கீழே பூக்கடை சரசா அக்காவுக்கு புளூஸ் தெரியாது. கிட்டாருக்கு எத்தனை கம்பி என்றும் தெரியாது. மாலை கட்டிக்கொண்டிருந்தார். முதலில் நான் திருத்தியதைப் போட்டேன். கை நிற்கவில்லை. நன்றாக இருக்கிறது, கடைக்குப் போடலாம், வாடிக்கையாளர் வந்தால் பேச்சுக்கு இடைஞ்சலாக இருக்காது என்றார். பிறகு போனில் இருந்ததைப் போட்டேன். ஒரு நிமிடம் போயிருக்கும். நாரும் பூவுமாக அக்காவின் கை அப்படியே நின்றுவிட்டது. வாங்க வந்தவர் ஒருவர் முழம் கேட்டுவிட்டு நிற்கிறார், அக்கா திரும்பவில்லை. முடிந்த பிறகு என்னிடம் கேட்டார்:

"இவருக்கு என்ன மணியம் ஆச்சு?"

கண்டெய்னர் கதவு விரலை நசுக்கிவிட்டது என்றேன். அக்கா தலையை ஆட்டினார். "அது வெரலுக்கு ஆனதுலா. நான் இவர கேக்கறேன்."

நான் மாடிக்குப் போய் அந்தத் திருத்திய பதிவை அழித்தேன்.

5. லோரிக்குள்

மறுநாள் மத்தியானம் லோகாவைத் தேடிப் போனேன். சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலைக்கு வெளியே, சாமான் இறக்குவதற்கு லோரிகள் வரிசையில் நின்றன. அவருடையது ஐந்தாவது. என்னைப் பார்த்ததும் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். ஏறி உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவர் கேட்கவிடவில்லை.

"நீங்க ஒண்ணும் தப்பு பண்ணலண்ணே. கை நல்லா இருந்தா நான் அப்படித்தான் வாசிச்சிருப்பேன். என் பழைய கைய எடுத்து முன்னால வெச்சிட்டீங்க. அதுக்கப்புறம் இத வெச்சிக்கிட்டு நான் என்ன பண்ண?"

ஸ்டியரிங் மேல் இருந்த அந்த விரலைத் தூக்கிக் காட்டினார். நான் எத்தனையோ பேருக்குச் சமாதானம் சொல்லியிருக்கிறேன். அவரிடம் நடந்ததை மட்டும் சொன்னேன். பத்மா அனுப்பிய வீடியோ, சரசா அக்காவின் கை நின்றது, அவர் கேட்ட கேள்வி, நான் விரல் என்று சொன்னதற்கு அவர் சொன்ன பதில். வரிசை ஒரு லோரி அளவு நகர்ந்தது. லோகாவும் நகர்த்தி நிறுத்தினார்.

"அந்தப் பூக்கார அக்கா என்னைப் பாத்திருக்காங்களா?"

"இல்ல."

"வெரல் கதை தெரியுமா?"

"நான் சொல்றதுக்கு முன்னாடியே கேட்டாங்க லோகா."

அவர் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். கை நன்றாக இருந்த காலத்தில் வாசித்ததைக் கேட்டு எல்லாரும் சூப்பர்லா, பயங்கர ஸ்பீட் என்று சொல்வார்களாம். உனக்கு என்ன ஆச்சு என்று ஒருத்தர்கூடக் கேட்டதில்லையாம். அதைச் சொல்லும்போது அவருக்கே அது புதுச் செய்தி மாதிரி இருந்தது. அவர் முறை வந்தது. நான் இறங்கப் போனபோது, "ஞாயித்துக்கிழமை வரேன். ஆனா நீங்க கை வெக்கக் கூடாது" என்றார்.

6. துண்டு போட்டு மூடிய கம்ப்யூட்டர்

வந்தார், பத்மாவோடு. இந்தத் தடவை ஹெட்போன் கொடுக்கவில்லை, காதுக்குள் தாளம் தட்டும் கிளிக்கும் கொடுக்கவில்லை. கிட்டார் சத்தம் வரும் ஸ்பீக்கரான ஆம்புக்கு முன்னால் ஒரு மைக், அவருக்கு எதிரே ஒரு மைக். கம்ப்யூட்டர் திரையில் அலை ஓடுவதைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது என்று எனக்கே தெரியும். அதனால் பதிவை ஓடவிட்டுத் திரைமேல் ஒரு துண்டைப் போட்டு மூடினேன். பத்மா அதைப் பார்த்து, "சாமி படமாண்ணே" என்று கேட்டார். லோகா சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

முன்பு வாசித்தது திரும்பி வரவில்லை. போன் வீடியோவைத் தவிர அது போனது போனதுதான், அந்தக் கணக்கில் நான் இன்றைக்கும் குற்றவாளி. இது வேறாக இருந்தது. மெதுவாக இருந்தது. விரல் ஏறும் அளவுக்கு ஏறி, அங்கேயே நின்று, இதுக்கு மேல முடியாது என்று சொல்லிவிட்டு இறங்கியது. பாதிக்கு மேல் ஓரிடத்தில் கம்பி விரலைவிட்டு வழுக்கிவிட்டது. கேட்டவுடன் என் உடம்பு தானாக முன்னால் சாய்ந்தது. லோகா நிறுத்தவில்லை. ஒரு மூச்சு விட்டார். அதே ஸ்வரத்துக்குக் கீழேயிருந்து மறுபடியும் ஏறினார். இந்த முறையும் போய்ச் சேரவில்லை, ஆனால் போன தடவையைவிடக் கொஞ்சம் நேரம் அங்கே நின்றார். வார்த்தை இருந்திருந்தால் அந்த இடத்தில் யாராவது எதையாவது பாடி அதைக் கெடுத்திருப்பார்.

முடிந்தது. கடைசிக் கம்பி அடங்கும் வரை யாரும் அசையவில்லை. "இப்ப மூச்சு விடலாமா?" என்றார் பத்மா. கிளம்பும்போது லோகா கிட்டார் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

7. நான் செய்த வேலை

அந்தப் பதிவை அப்படியே இணையத்தில் போட்டார். கோடிப் பேர் கேட்கவில்லை. கேட்டவர்கள் எழுதினார்கள். ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து ஒரு நர்ஸ், வேலை முடிந்து காரை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் போகாமல் முழுசாகக் கேட்டேன் என்று எழுதியிருந்தார். நெஞ்சில் விழணும் என்று சொன்ன அந்த உருமிக்காரர் படியேறி வந்து, கம்பி வழுக்குகிற இடத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்பதாகச் சொன்னார். அது வேண்டுமென்றே வாசித்ததா, தப்பா என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். கிள்ளானில் ஒரு சின்ன மண்டபத்தில் லோகா வாசித்தபோது அறுபது நாற்காலி போட்டிருந்தார்கள், பத்து பேர் நின்றுகொண்டு கேட்டார்கள். கடைசியில் யாரும் ஸ்பீட் என்று சொல்லவில்லை.

இப்போது என் கடையில் ரா டேக்கை அழிப்பதில்லை. வாசித்தவர் கையிலேயே கொடுத்து, ஒரு வாரம் கேட்டுவிட்டு வாருங்கள், எதைத் திருத்த வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள் என்பேன். நிறைய பேர் எல்லாவற்றையும் திருத்தச் சொல்கிறார்கள், திருத்துகிறேன். அதுவும் என் வேலைதான், எனக்கு அதில் வெட்கம் இல்லை. சில பேர் திரும்பி வந்து, அண்ணே, அப்படியே விட்டுடுங்க என்கிறார்கள். அந்த நாளில் எனக்கு வேலை இல்லை. நானே எல்லாருக்கும் தேநீர் வாங்கி வருவேன்.

கிட்டார்காரர்கள் இப்போது தேடி வருகிறார்கள். லோகா பதிவு மாதிரியே சவுண்டு வேண்டும், அதற்கு என்ன செய்தீர்கள் அண்ணே என்று கேட்கிறார்கள். எந்தக் கருவி, எந்த செட்டிங் என்று எழுதிக்கொள்ளப் பேனாவோடு உட்காருவார்கள். மைக் வைத்தேன், கதவைச் சாத்தினேன் என்பேன். மிச்சத்தை மறைக்கிறேன் என்று நினைத்து விடாமல் கேட்பார்கள். மிச்சம் ஒன்றுமில்லை. இத்தனை வருஷத்தில் நான் செய்ததிலேயே குறைந்த வேலை அதுதான். யார் கேட்டாலும் முதலில் அதைத்தான் போட்டுக் காட்டுகிறேன்.