அம்மா சொல்லாத சாட்சி

தடயவியல் ஆய்வகத்தில் அவளை எல்லோரும் ‘சீல் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். வழக்குக்கு வரும் ஹார்ட் டிஸ்க், போன் எதுவானாலும் அவள் கைபட்டு, சீல் வைத்துத்தான் உள்ளே போகும். வீட்டுச் சர்க்கரை டப்பாவுக்கும் அவள் சீல் வைப்பாள் என்று தம்பி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அந்தத் தம்பிக்கு அதே ஆய்வகத்தில், வழக்குப் பொருட்களைப் பூட்டிவைக்கும் அறையில் வேலை கிடைப்பதற்காக மேலதிகாரியிடம் நடையாய் நடந்தவளும் அவள்தான்.

ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் அறுந்து விழுந்து ஒரு பெண்ணும் அவள் மகளும் இறந்துபோனார்கள். லிஃப்டைப் பராமரித்த கம்பெனியின் டிஸ்க் அவளிடம் வந்தது. நேராகக் கணினியில் செருகாமல், நடுவே ரைட் பிளாக்கர் என்ற சிறு பெட்டியை வைத்தாள். அது படிக்க விடும். ஒரு புள்ளிகூட எழுத விடாது. டிஸ்க்கை முழுதாக நகலெடுத்து, இரண்டுக்கும் ஹாஷ் எண் பார்த்தாள். அது கைரேகை மாதிரி. உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் எண்ணே வேறாகிவிடும். இரண்டும் ஒத்துப்போயின. நகல் மேலதிகாரியின் இரும்புப் பெட்டிக்கும், டிஸ்க் தம்பியின் அறைக்கும் போயின.

பிறகு அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் வந்தது.

“நீ அம்மாகூடப் போக்கா. இங்க நான் பாத்துக்கறேன்” என்றான் தம்பி. என்ன பொறுப்பான பிள்ளை என்று அவள் மனம் குளிர்ந்துபோனாள்.

வழக்கு நெருங்கியபோது டிஸ்க்கை மறுபடி சோதித்தாள். எண் ஒத்துவரவில்லை. லிஃப்டின் இரும்புக் கயிறு தேய்ந்துவிட்டது என்று மெக்கானிக் அனுப்பிய எச்சரிக்கை நகலில் இருந்தது, டிஸ்க்கில் இல்லை. யாரோ நேரடியாகச் செருகி அழித்திருந்தார்கள். எந்தக் கணினியில்? அவளுடையதில், அவள் பெயரில், ஆபரேஷன் அன்று பிற்பகலில். புது சீல் மேல் அவள் கையெழுத்து அச்சு அசலாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் அப்பாவின் கையெழுத்தைப் போட்டுப் பழகிய கை ஒன்று அவளுக்குத் தெரியும். காய்ச்சலில் கிடந்தபோது அவள் பாஸ்வேர்டைச் சொன்னதும் தம்பியிடம்தான்.

பொருள் அறையின் கம்பிக் கதவைப் பிடித்தபடி கேட்டாள். “ஏண்டா?”

அவன் நிமிரவில்லை. “அந்த லிஃப்ட் கம்பெனில மேனேஜர் வேலை தரேன்னாங்க. எத்தனை காலத்துக்கு இந்த இருட்டு ரூமையே பூட்டித் திறந்துட்டு இருக்கறது?”

“அதுக்கு என் பேர்லயாடா?”

“உன்னை யாரும் சந்தேகப்பட மாட்டாங்கன்னு நெனச்சேன்க்கா. பழைய டிஸ்க், தானா கெட்டுப்போச்சுன்னு எழுதிடு.”

அவள் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தாள். விசாரணையில் அவன் எல்லாவற்றையும் மறுத்தான். பழி அவள் தலையில் விடிந்தது. “அன்னிக்கு எங்க இருந்தீங்க?” என்ற அதிகாரியிடம், “எங்க அம்மாவையே கேளுங்க சார்” என்று தைரியமாகச் சொன்னாள்.

கறுப்புக் கண்ணாடியோடு சோபாவில் உட்கார்ந்திருந்த அம்மா நிதானமாகப் பதில் சொன்னாள். “கண்ணைக் கட்டியிருந்தாங்க. பக்கத்துல யார் இருந்தாங்கன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?”

அன்று பிற்பகல் முழுக்க மகளின் கையை விடாமல் பிடித்திருந்தவள் அந்த அம்மா. தாகம் என்றபோதெல்லாம் இவள்தான் தண்ணீர் புகட்டினாள்.

அதிகாரி போனதும், “அம்மா!” என்றாள்.

“அவன் ஜெயிலுக்குப் போனா தாங்குவானாடி? நீ எப்படியும் பொழச்சுக்குவே.”

பெற்ற வயிறு ஒருத்திக்கு மட்டும் கல்லானதை அவள் அன்றுதான் பார்த்தாள்.

அவளைக் காப்பாற்றியது ஆஸ்பத்திரி வராந்தாவின் கேமரா. அந்தப் பதிவை வேறொரு ஆய்வாளர் அதே முறைப்படி நகலெடுத்தார். டிஸ்க்கில் எச்சரிக்கை அழிந்த அதே நேரத்தில், கண்கட்டோடு தள்ளாடிய அம்மாவை அவள் தாங்கி நடத்திக்கொண்டு போவது அதில் தெளிவாகத் தெரிந்தது. தம்பி வேலையை இழந்து கைதானான். முதல் நகலை நீதிமன்றம் ஏற்றது. லிஃப்ட் கம்பெனி முதலாளிக்குத் தண்டனை கிடைத்தது. லிஃப்டில் இறந்தவளின் கணவன் இவளைத் தேடி வந்து கைகூப்பி நின்றான்.

சொந்தக்காரர்களிடம் அம்மா, “கூடப் பிறந்தவனையே காட்டிக்கொடுத்தவ” என்று சொல்லி வருகிறாள். இவள் தனி வீடு பார்த்துக்கொண்டாள். மாதம் தவறாமல் மருந்து வாங்கிப் போய் வாசலில் கொடுப்பாள். “உள்ள வந்து உக்காரேண்டி” என்று அம்மா கூப்பிடுவாள். “வேலை இருக்கும்மா” என்று சொல்லிப் படியிறங்கிவிடுவாள்.